ஓராண்டு வெளிநாட்டுப் பயணம்: வண்டியோடு போவதா, முதுகுப்பையோடு போவதா?

நெடுவழி:
வணக்கம். இரண்டு பேர், மொத்தம் 11 மாதம். முதல் 6 மாதம் பனாமா தொடங்கி அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயா வரை, அடுத்த 2 மாதம் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், மீதி 3 மாதம் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். கையில் யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் பிக்கப் இருக்கிறது. அதைக் கப்பலேற்றி எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதா, ஆளுக்கொரு முதுகுப்பையோடு பேருந்திலும் ரயிலிலும் போவதா என்பதுதான் கேள்வி. மலைநடை முக்கியம். கூடாரத்தில் தங்கச் சம்மதம். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். "மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்ற பதில் வேண்டாம். எதை எதை எடைபோட்டு முடிவெடுப்பது என்று சொல்லுங்கள்.

சுங்கமுத்திரை:
முதலில் தாள்களைப் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். வண்டியோடு எல்லை தாண்டினால் உங்களுக்கு ஒரு அனுமதி, வண்டிக்கு ஒரு அனுமதி. இரண்டின் கெடுவும் ஒன்றாக இருக்காது. அர்ஜென்டினாவில் சுற்றுலாப் பயணிக்குப் பொதுவாக 90 நாள், அவருடைய வண்டிக்கு 8 மாதம். சிலியில் வண்டிக்கும் 90 நாள்தான். உருகுவே 12 மாதம் தரும். நீண்ட பயணக்காரர்கள் பலர் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஊர் போய் வருவது அதனால்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: வண்டியின் அனுமதி உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்படுகிறது. வீட்டில் அவசரம் என்று மறுநாளே விமானம் ஏற நினைத்தால் வண்டி உங்களைப் பிடித்து நிறுத்தும். துருக்கி போன்ற நாடுகளில் வண்டியைச் சுங்கக் காவலில் ஒப்படைத்துத் தாள் வாங்காமல் நீங்கள் மட்டும் வெளியேற முடியாது. முதுகுப்பைக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது.

கார்னே எனப்படும் வண்டிக் கடவுச்சீட்டு உங்கள் வழியில் தேவைப்படாது. தென் அமெரிக்காவிலும் நடு ஆசியாவிலும் அது கேட்கப்படுவதில்லை. ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், எகிப்து பக்கம் திரும்பினால் கட்டாயம். ஓராண்டு செல்லும். வண்டி மதிப்பையும் போகும் நாட்டையும் பொறுத்து ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நுழைவு, வெளியேற்றம் இரண்டுக்கும் முத்திரை விழ வேண்டும். வெளியேற்ற முத்திரை விடுபட்டால், வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கருதி முழு இறக்குமதி வரியையும் ஈட்டுத்தொகையிலிருந்து கேட்பார்கள்.

நெடுவழி:
நன்றி. கார்னே இல்லை என்றால் தென் அமெரிக்கா சுலபம்தானே?

சுங்கமுத்திரை:
பனாமாவில் தொடங்குவதால் சுலபமில்லை. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சாலையே கிடையாது. வண்டி கோலோன் துறைமுகத்திலிருந்து கார்த்தஹேனாவுக்குக் கடல்வழி போக வேண்டும். பெரும்பாலும் 40 அடிக் கொள்கலனில் இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஏற்றிச் செலவைப் பங்கிடுவார்கள். கடலில் ஓரிரு நாள்தான். இரு கரையிலும் தாள் வேலையைச் சேர்த்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் போகும்.

ஏற்றுவதற்கு முன் பனாமா போலீஸ் சோதனை உண்டு. வண்டியில் பொறித்த அடிச்சட்ட எண்ணும், நாட்டுக்குள் வந்தபோது தந்த இறக்குமதித் தாளில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சுங்க ஊழியர் 0 என்பதை ஓ என்று தட்டியிருந்தால் சோதனையில் நிராகரிப்பார்கள். தாளைக் கையில் வாங்கியதும், சாளரத்தை விட்டு நகர்வதற்கு முன், எண்ணை விரல் வைத்துச் சரிபாருங்கள். எந்த நாட்டு எல்லைக்கும் இது பொருந்தும்.

கொள்கலன் உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். சாதாரணக் கொள்கலனின் வாசல் உயரம் ஏறத்தாழ 2.28 மீட்டர், உயர் வகையில் 2.58 மீட்டர். பிக்கப்பின் கூரையில் கூடாரப் பெட்டி வைத்தால் முதல் வகைக்குள் நுழையாமல் போகலாம். சக்கரக் காற்றைக் குறைத்து உள்ளே தள்ளுபவர்கள் உண்டு, ஆனால் அது கடைசி 3, 4 சென்டிமீட்டருக்குத்தான் உதவும்.

சுருக்கமாக, வண்டிதான் என்றால் பனாமாவை விட்டுவிட்டு நேரே உருகுவேயின் மொண்டேவிடியோவுக்கு அனுப்புங்கள். ஒரு கடல் கடப்பு மிச்சம்.

ஆறாம்கியர்:
வண்டி பத்தி நான் சொல்றேன் நெடுவழி. யூரோ 6னு சொன்னதுமே எனக்குக் கவலை வந்துருச்சு. அந்த எஞ்சின் 10, 15 பிபிஎம் (பத்து லட்சத்துல 10, 15 பங்கு) கந்தகம் உள்ள டீசலுக்குச் செஞ்சது. கந்தகம் கூடினா என்ன ஆகும்னா, புகைவடிகட்டிக்கு முன்னால இருக்கிற வினையூக்கி மந்தமாகும், வடிகட்டியில சல்ஃபேட் சாம்பல் படியும். புகைக்கரியை எரிச்சுத் தள்ளலாம், சாம்பலை எரிக்க முடியாது. அடைப்பு கூடக் கூட எஞ்சின் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். மலைப்பாதையில நடுவழியில அப்படி ஆனா வேற வண்டியில கட்டி இழுத்துட்டுப் போறதுதான் கதி.

நாட்டுக்கு நாடு நிலைமை வேற. சிலியில பயமில்லை. அர்ஜென்டினாவில 'கிரேடு 3' டீசல் மட்டும் போடுங்க, கிரேடு 2 வேண்டாம். பொலிவியா, தஜிகிஸ்தான் ரெண்டும் இந்த எஞ்சினுக்கு ஆகாது. உஸ்பெகிஸ்தான்ல தனியார் வண்டிக்கு டீசல் கிடைக்கிறதே சிரமம், அங்க பெரும்பாலான கார்கள் எரிவாயுவிலயும் மலிவான பெட்ரோல்லயும்தான் ஓடுது.

புகையைச் சுத்தம் பண்ற ஆட்ப்ளூ யூரியாக் கரைசலையும் மறக்காதீங்க. பிரேசில்ல 'ஆர்லா 32', அர்ஜென்டினாவில 'அசுல் 32'னு கேட்டா கிடைக்கும். மைனஸ் 11 டிகிரியில அது உறையும், அதனால உதிரி டப்பாவை வெளியில கட்டி வைக்காதீங்க.

உயரமும் சேர்ந்து அடிக்கும். டர்போ இல்லாத எஞ்சின்ல ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் சக்தி போகும். டர்போ ஓரளவு ஈடுகட்டும், ஆனா காற்று மெலிசானா புகைக்கரி கூடும், வடிகட்டி சீக்கிரம் நிறையும். பொலிவியாவோட ஊயுனி உப்புவெளியே 3,650 மீட்டர் உயரம். தஜிகிஸ்தானோட பாமிர் மலைச்சாலையில ஆக்பைதால் கணவாய் 4,655 மீட்டர்.

இந்த வழிக்குச் சரியான வண்டின்னா மின்னணு குறைஞ்ச பழைய டீசல், இல்லைன்னா சாதாரண பெட்ரோல் நாலுசக்கர இழுவை (4WD) வண்டி. உங்க பிக்கப் ஐரோப்பா சுத்தறதுக்கு அருமையான வண்டி. பாமிருக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை:
செலவை உணர்ச்சி இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. நாணயம் எதுவும் வேண்டாம். எளிய விடுதியில் இருவர் அறைக்கு ஓர் இரவு வாடகையை 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிப் போடுங்கள்.

நிலையான செலவு: போகவர இரண்டு கப்பல் கட்டணம், துறைமுகக் கூலி, காப்பீடு, ஒரு செட் டயர், வண்டியின் மதிப்புத் தேய்மானம். 140 அலகு என்று கொள்வோம்.

வண்டியால் ஒரு நாளில் மிச்சமாவது: பத்தில் ஆறு இரவு கூடாரம் என்றால் 0.6, இருவர் பேருந்துக் கட்டணம் 0.5, சுற்றுலா ஜீப் போன்றவை 0.3. ஆக 1.4.

வண்டி ஒரு நாளில் தின்பது: 180 நாளில் 20,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 110. நூறுக்கு 11 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 12 லிட்டர், மொத்தம் 2,200 லிட்டர். சாலை வரி, நிறுத்தக் கட்டணம், எண்ணெய் மாற்றம் சேர்த்து 0.7 என்று வைப்போம்.

நிகர மிச்சம் நாளுக்கு 0.7. 140ஐ 0.7ஆல் வகுத்தால் 200 நாள். உங்கள் தென் அமெரிக்கப் பகுதி 180 நாள்தான், ஆக நட்டம். அதே வண்டியில் நான்கு பேர் போனால் அறை 1.2, பேருந்து 1.0, ஜீப் 0.6, ஆக மிச்சம் 2.8, செலவு 0.8. நிகரம் 2, எழுபதாவது நாளில் போட்ட பணம் திரும்பிவிடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வண்டி கட்டுபடியாவதும் இருவருக்குக் கட்டுபடியாகாததும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: பலர் "எல்லா இரவும் கூடாரம்தான்" என்று கணக்குப் போடுகிறார்கள். நகரங்களில் வண்டியைக் காவலுள்ள இடத்தில் நிறுத்த வேண்டும், மழை வாரத்தில் துணி காயாது, உடம்புக்கு முடியாத நாளும் வரும். பத்துக்கு ஆறு என்பதே தாராளம்.

ஒற்றைமூட்டை:
முதுகுப்பைப் பக்கம். மலைநடை முக்கியம் என்று நெடுவழி எழுதியதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நல்ல மலைநடைகள் பல ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்குபவை. பெருவில் சாந்தா குரூஸ் பாதை காஷாபாம்பாவில் தொடங்கி, 4,750 மீட்டர் புந்தா உனியோன் கணவாய் ஏறி, மலைத்தொடரின் மறுபக்கம் வாகேரியாவில் முடிகிறது. கிர்கிஸ்தானில் கரகோல் பள்ளத்தாக்கில் ஏறி அலாகுல் ஏரியைத் தொட்டு அல்தின் அராஷனில் இறங்கும் பாதையும் அப்படித்தான். வண்டி வைத்திருப்பவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். நான்கு நாள் ஆளில்லாமல் பாதைமுகப்பில் நிற்கும் வெளிநாட்டு எண் பலகை வண்டி, கண்ணாடி உடைப்பவருக்கு அழைப்பு.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு சிலியின் தெற்குச் சாலையான கர்ரெதேரா அவுஸ்த்ரால். புவெர்த்தோ மோந்த்திலிருந்து ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர் போய் வில்யா ஓ'ஹிக்கின்ஸில் சாலை முடிகிறது. வண்டிக்காரர் வந்த வழியே வடக்கே திரும்ப வேண்டும். நடப்பவர் ஏரியைப் படகில் கடந்து, எல்லையை நடந்தே தாண்டி, மறுபடி ஒரு படகு, ஒரு பேருந்து என்று அர்ஜென்டினாவின் எல் சால்தேன் போய்ச் சேரலாம். காற்று பலமாக இருந்தால் ஓ'ஹிக்கின்ஸ் படகு நாள்கணக்கில் கிளம்பாது. அதற்காக 3 நாள் கைவசம் வையுங்கள்.

இனி மூட்டை. கூடாரத்தோடு போவதானால் ஆளுக்கு 50 முதல் 55 லிட்டர் பை. உணவும் நீரும் சேராமல் 9 கிலோவுக்குள் நிற்க வேண்டும். இருவருக்கான கூடாரம் 2 கிலோ, அதை இருவரும் பங்கிட்டுத் தூக்க வேண்டும். தூக்கப்பை 1 கிலோ, தரைப்பாய் அரைக் கிலோ. உணவு நாளுக்கு 600 முதல் 700 கிராம்.

பை வாங்கும்போது லிட்டரைவிட முதுகு நீளம் முக்கியம். கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை நாடாவால் அளக்க வேண்டும். அது பொருந்தினால்தான் எடையில் பெரும்பகுதி இடுப்புவாரில் இறங்கும். பொருந்தாவிட்டால் தோள் தாங்கும், மூன்றாம் நாள் கை மரத்துப்போகும்.

தவறுகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். குழல்வகை நீர்வடிகட்டி 0.1 மைக்ரான் என்றால் பாக்டீரியா நிற்கும், வைரஸ் நிற்காது; ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே குழல் வெடித்து வேலைக்கு ஆகாது, அதுவும் வெளியே தெரியாது. பனியிரவில் தூக்கப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. அந்தந்த நகரத்தில் புதிதாக வாங்க வேண்டும். பிஷ்கெக்கிலும் கரகோலிலும் திருகு மூடிக் குப்பி கிடைக்கும்.

ஆறாம்கியர்:
ஒற்றைமூட்டை சொல்றது நியாயம். ஆனா ஒண்ணு. அழகான இடம் ரெண்டு ஊருக்கு நடுவுல இருந்தா பேருந்து உங்களை அங்க இறக்கிவிடாது, ஜன்னல் வழியா காட்டிட்டுப் போயிரும். கர்ரெதேரா அவுஸ்த்ரால்ல சில பகுதிக்குப் பேருந்து தினமும் கிடையாது. கிர்கிஸ்தானோட சோங்குல் ஏரி 3,000 மீட்டர்ல இருக்கு, அங்க பொதுப் போக்குவரத்தே இல்லை. பாமிர்ல பங்கு டாக்ஸி ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்பும். கிளம்பினா நீங்க கேட்ட இடத்துல நிக்காது.

ஒற்றைமூட்டை:
ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகுதிகளுக்கு வண்டி வேண்டும். சொந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை.

வாடகைத்தாள்:
இங்கேதான் நான் வர வேண்டும். 11 மாதத்துக்கும் ஒரே முடிவு எடுக்க நினைப்பதுதான் சிக்கலே. பகுதி பகுதியாகப் பிரியுங்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் பேச்சே வேண்டாம், முதுகுப்பை. தாய்லாந்தில் 2016 முதல் வெளிநாட்டு எண் வண்டிக்கு முகவர் வழியாக முன்னனுமதி, வழிகாட்டி என்றெல்லாம் வந்துவிட்டது. சில அண்டை நாட்டு வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. வியட்நாமிலும் தனி அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. பேருந்தும் ரயிலும் அடர்ந்த நாடுகள் அவை.

அங்கே ஆபத்து வாடகை ஸ்கூட்டரில் இருக்கிறது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒன்றல்ல. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, ஓராண்டு செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று, மூன்றாண்டு வரை செல்லும். வியட்நாம் ஏற்பது 1968 வகையை. 1949 அட்டையோடு 50 சிசிக்கு மேற்பட்ட வண்டி ஓட்டினால் சட்டப்படி உரிமம் இல்லாதவர். விபத்து நடந்தால் பயணக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத் தராது. கார் உரிமம் மட்டும் உள்ளவர்களும் கவனியுங்கள்: அட்டையில் இருசக்கரக் கட்டத்தில் முத்திரை இல்லாவிட்டால் இதே கதிதான். உரிமம் தந்த நாட்டிலேயே அட்டையையும் வாங்கிவிடுங்கள், வழியில் வாங்க இயலாது. மூல உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அட்டை வெறும் மொழிபெயர்ப்புதான்.

நடு ஆசியாவில் பாதிக்குப் பாதி. உஸ்பெகிஸ்தானில் தாஷ்கந்து, சமர்கந்து, புகாரா மூன்றும் ஒரே வேக ரயில் தடத்தில் இருக்கின்றன, வண்டி வீண். பருவத்தில் ரயில் இடம் சீக்கிரம் தீரும், அதை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். கிர்கிஸ்தானிலும் பாமிரிலும் மூன்று வாரம் நாலுசக்கர இழுவை வாடகை வண்டி. பாமிர் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும், தஜிகிஸ்தான் விசாவோடு சேர்த்தே கேளுங்கள். எல்லை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிர்கிஸ், தஜிக் எல்லை 2021இல் மூடப்பட்டு 2025இல்தான் திறந்தது. மூடியிருந்த காலத்தில் சொந்த வண்டியோடு வந்தவர்கள் பலர் உஸ்பெகிஸ்தான் வழியாகச் சுற்றிப் போக நேர்ந்தது.

வாடகை ஒப்பந்தத்தில் நான்கு இடம் பாருங்கள். டயர், முன்கண்ணாடி, அடிப்பாகம், தனியே கவிழ்ந்த சேதம்: சரளைச் சாலையில் நடப்பது இவைதான், சாதாரணக் காப்பீடு விலக்கிவைப்பதும் இவற்றைத்தான். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் நீர் போனால் அநேகமாக எங்கும் காப்பீடு கிடையாது. கடன் அட்டை தரும் வாடகைக் காப்பீட்டை நம்புகிறவர்கள், எத்தனை நாள் வரை என்று பாருங்கள். பல அட்டைகளில் 31 நாளோடு நின்றுவிடும். 32 நாளுக்கு எடுத்தால் முதல் நாளிலிருந்தே செல்லாது என்று எழுதியவையும் உண்டு.

வண்டியை வாங்கும் நிமிடத்தில் அதைச் சுற்றிக் காணொளி எடுங்கள். உதிரி டயர், ஜாக்கி, சக்கரத் திறவுகோல் மூன்றையும் வெளியே எடுத்துப் பொருத்திப் பாருங்கள். உதிரி டயரின் காற்றையும் அளக்க வேண்டும். சக்கரம் திருடு போகாமலிருக்கப் போடும் பூட்டு நட்டு இருந்து அதன் சாவி இல்லை என்றால், பஞ்சராகும்போது உதிரி டயர் இருந்தும் பயனில்லை.

மலையேறி:
அங்கேயே வாங்கி அங்கேயே விற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலியில் வெளிநாட்டவர் ரூட் எனப்படும் வரி எண் எடுத்தால் பழைய கார் வாங்கலாம். பதிவுச் சான்று கைக்கு வரச் சில வாரம் ஆகும், அதுவரை எல்லை தாண்டுவது சிக்கல். சிலி வண்டியை அர்ஜென்டினாவில் சட்டப்படி விற்க முடியாது, சிலிக்கே திரும்பி வர வேண்டும். எல்லோரும் வசந்தத்தில் வாங்கி இலையுதிர்காலத்தில் விற்பதால், வாங்கும்போது ஏறிய விலையும் விற்கும்போது இறங்கிய விலையும்தான் கிடைக்கும். மூன்று மாதத்துக்குக் குறைவென்றால் வாடகையே மேல்.

நெடுவழிக்கு நான் சொல்ல நினைப்பது பருவம். நீங்கள் எழுதிய வரிசை மலைநடைக்கு ஒத்துவராது. பாமிர் கணவாய்களுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். பெருவின் கோர்தில்யேரா பிளாங்கா மலைத்தொடருக்கு மே முதல் செப்டம்பர், அதன்பின் மழை. சிலி, அர்ஜென்டினாவின் தென்பகுதியான படகோனியாவுக்கு நவம்பர் முதல் மார்ச். சாலை வழியே வடக்கிலிருந்து தெற்கே ஊர்ந்தால் இவற்றில் ஒன்று தவறும். மூட்டை மட்டும் இருந்தால் வானிலையைப் பின்தொடர்ந்து தாவலாம், வண்டியோடு சாலையைத்தான் பின்தொடர முடியும்.

நெடுவழி:
அக்கா, நீங்கள் சொன்ன பருவக் கணக்குதான் என் திட்டத்தைப் புரட்டிப் போட்டது. பிக்கப்பை வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். ஜூலை, ஆகஸ்ட் நடு ஆசியா: மூன்று வாரம் வாடகை வண்டி, மீதி ரயிலும் நடையும். செப்டம்பரில் நேரே பெருவின் ஹுவாராஸ், பிறகு பேருந்தில் எக்குவடோர், கொலம்பியா. பனாமாவைக் கைவிட்டோம். டிசம்பரில் விமானத்தில் தெற்கே இறங்கி ஐந்து வாரம் வாடகை வண்டி, கடைசியில் ஓ'ஹிக்கின்ஸ் கடப்பை நடந்தே. மார்ச் முதல் மே வரை தென்கிழக்கு ஆசியா. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வாடகைத்தாள்:
இரண்டு ஓட்டை. ஓ'ஹிக்கின்ஸுக்கு முன்பே வண்டியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கர்ரெதேரா அவுஸ்த்ராலில் உள்ள கொய்ஹைகே, அதன் அருகிலுள்ள பால்மசேதா விமான நிலையத்தோடு முடித்துக்கொண்டு, தெற்கே பேருந்தில் போங்கள். எடுத்த ஊர் வேறு, விடும் ஊர் வேறு என்றால் தனிக் கட்டணம் உண்டு. கொய்ஹைகேயிலேயே எடுத்து அங்கேயே விட்டால் அது மிச்சம். இடையில் அர்ஜென்டினாவுக்குள் வண்டியோடு போக விரும்பினால் நிறுவனத்திடமிருந்து நோட்டரி கையெழுத்திட்ட அனுமதித் தாள் வேண்டும். சில நாள் முன்பே கேட்க வேண்டும், சாளரத்தில் நின்று கேட்டால் கிடைக்காது. திரும்பிச் சிலிக்குள் வரும்போது பழம், இறைச்சி, தேன் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. படிவத்தில் மறைத்தால் அபராதம்.

ஐந்து வாரம் 35 நாள். அட்டைக் காப்பீட்டை நம்புவதாக இருந்தால் 30 நாளாகக் குறையுங்கள்.

மலையேறி:
மார்ச்சில் வட தாய்லாந்திலும் வட லாவோஸிலும் வயல் எரிப்புப் புகை சூழ்ந்திருக்கும், மலையே கண்ணுக்குத் தெரியாது. வியட்நாமில் தொடங்கி, லாவோஸை மே மாதத்துக்குத் தள்ளுங்கள். தூக்கப்பையையும் கூடாரத்தையும் அங்கே போகுமுன் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டால் மூட்டை 7 கிலோவுக்கு இறங்கும். மலிவு விமானங்களில் பல அந்த எடை வரைதான் கைப்பையை விடுகின்றன.